ஒரே 'பாரா', வேறு வேறு வேர்கள்

ஆங்கில அகராதியில் 'பாரா' என்று தொடங்கும் சொற்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. பாராசைட், பாராசிட்டமால், பாராசூட், பாரடைஸ் என எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுபோல் இருப்பதால், முன்னொட்டின் பொருளை ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இந்த 'பாரா' பல வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

பெரிய குடும்பம் கிரேக்கத்தினுடையது. அங்கே 'பாரா' என்றால் பக்கத்தில் என்று பொருள். செல்வர் வீட்டுப் பந்தியில் முகத்துதி செய்து இடம் பிடிப்பவரைப் பண்டைக் கிரேக்கர் 'பாராசிட்டோஸ்' என்றனர்; 'சிட்டோஸ்' என்பது தானியம், உணவு. மற்றோர் உயிரின் உடலில் தங்கி உண்ணும் ஒட்டுண்ணிக்கு அந்தச் சொல்லையே பின்னாளில் உயிரியலாளர்கள் பெயராக்கினர்.

உடற்கூறியலில் இந்தப் பொருள் மிகத் துல்லியமாக நிற்கிறது. பொன்னுக்கு வீங்கி வரும்போது காதோரம் புடைத்துக்கொள்ளும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் 'பரோட்டிட்' என்று பெயர். 'ஓட்' என்பது காதைக் குறிக்கும் கிரேக்க அடி. அடுத்து உயிரொலி வருவதால் முன்னொட்டின் கடைசி உயிர் விழுந்துவிட்டது. ஸ்வீடனின் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் மனித உடலில் கண்டு விவரித்த பாராதைராய்டுச் சுரப்பிகள், தைராய்டை ஒட்டி அரிசி மணியளவில் பெரும்பாலும் நான்காக அமைந்திருக்கும். பெயரைப் பார்த்தால் தைராய்டின் துணைவர்கள் போலத் தோன்றினாலும், இரத்தத்தில் கால்சியத்தின் அளவைப் பேணுவதே அவற்றின் பணி. இங்கே முன்னொட்டு சொல்வது இடத்தை மட்டுமே, வேலையை அன்று.

வானில் தோன்றும் காட்சி ஒன்றுக்கும் இதே வழியில் அரிய பெயர் ஒன்று உண்டு. மேகத்தில் மிதக்கும் அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால், சூரியனின் இருபுறமும் ஏறத்தாழ 22 பாகை தள்ளிச் சில வேளைகளில் ஒளிப்பொட்டுகள் தோன்றும். அவை 'பார்ஹீலியன்', அதாவது சூரியனின் பக்கத்தில் இருப்பவை.

வேதியியலுக்குள் நுழைந்ததும் பொருள் தடம் மாறிவிடுகிறது. பென்சீன் வளையத்தின் ஆறு கார்பன் அணுக்களில் அடுத்தடுத்த இரண்டில் இரு தொகுதிகள் அமர்ந்தால் அது 'ஆர்த்தோ'. நேரெதிரே, அதாவது 1, 4 ஆகிய இடங்களில் அமர்ந்தால்தான் 'பாரா'. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமாலின் பெயரில் இருப்பது இந்த எதிரிடை 'பாரா'தான். பக்கம் என்று பொருள்பட்ட முன்னொட்டு மிகத் தொலைவான இடத்தைக் குறிக்க நேர்ந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பாராசூட்டில் இருப்பதோ கிரேக்கச் சொல்லே அன்று. இத்தாலிய மொழியில் 'பராரே' என்னும் வினை தடுத்துக் காப்பதைக் குறிக்கும். வெயிலைத் தடுப்பது பாரசோல். மார்பைக் காக்கும் கோட்டைச் சுவர் பாராபெட். நம் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவருக்கும் கட்டடக்காரர்கள் இப்பெயரையே வழங்குகிறார்கள். விழுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைச் சேர்த்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாராசூட் என்ற பெயர் உருவானது. 1797 அக்டோபர் 22 அன்று ஆந்த்ரே ஜாக் கார்னரென் பாரிசில் பலூனிலிருந்து அதைக்கொண்டு இறங்கினார். பின்னர் அதன் முற்பாதி தனியே கழன்று, முழுச் சொல்லின் பொருளையும் சுமக்கத் தொடங்கியது. பாராட்ரூப்பர் என்பவர் பக்கத்துப் படைவீரரும் அல்லர், தடுக்கும் வீரரும் அல்லர். பாராசூட்டில் இறங்கும் வீரர்.

பாராலிம்பிக்கில் இது தலைகீழாக நடந்தது. கீழுடல் செயலிழந்தவரைக் குறிக்கும் 'பாராபிளெஜிக்' என்பதன் முற்பாதியாகவே முதலில் கொள்ளப்பட்ட 'பாரா', ஒலிம்பிக்குக்கு இணையாக நடப்பது என்று இன்று விளக்கப்படுகிறது.

பாரடைஸ் பழைய ஈரானிய மொழியிலிருந்து புறப்பட்டது. 'பைரி' என்றால் சுற்றிலும், 'தயேசா' என்றால் மதில். பாரசீக மன்னர்களின் மதில் சூழ்ந்த பூங்காக்களைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் இச்சொல்லால் குறித்தார். வடமொழியின் 'பரி' இதற்கு உடன்பிறப்பு. பரிவாரம் என்று நாம் சொல்லும்போது சுற்றி நிற்பவர்களையே சொல்கிறோம்.

பாரஃபினில் இந்த முன்னொட்டே இல்லை. பிற பொருள்களோடு எளிதில் வினைபுரியாத அந்த மெழுகுக்கு, லத்தீனில் குறைவு என்னும் பொருளுடைய 'பாரும்', நாட்டத்தைக் குறிக்கும் 'அஃபினிஸ்' ஆகியவற்றைச் சேர்த்து 1830 வாக்கில் கார்ல் ஃபான் ரைகன்பாக் பெயரிட்டார்.