கொல்லாம்பழத் துவர்ப்பும் குழம்புப் புளியும்

மார்ச் மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் கொல்லாமரத்தடியில், அதாவது முந்திரி மரத்தடியில், நடந்தால் செருப்புக்கடியில் பழம் நசுங்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிட்டுப் போவார்கள். சிறுவர்கள்தாம் அதைப் பொறுக்கி, உப்புத் தொட்டுத் தின்பார்கள். முதல் கடியில் சாறு இனிக்கும். இரண்டாம் கடிக்குள் கன்னத்தின் உட்புறம் சுருங்கி, நாக்கு சொரசொரத்து, தொண்டையை யாரோ நூலால் இறுக்கியதுபோல் ஆகிவிடும். சட்டையில் விழுந்த கறை போகவே போகாது. அதற்கு வீட்டில் தனியாக அடி கிடைக்கும்.

அந்தப் பிடிப்புக்குத் துவர்ப்பு என்று பெயர். அதை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்களுக்குச் சிவப்பு ஒயினை எடைபோடப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. உமிழ்நீரில் வழவழப்பைத் தருவது சில புரதங்கள். டானின் என்ற வேதிப்பொருள் அவற்றைப் பற்றிக்கொண்டு திரளச் செய்கிறது. வழவழப்பு போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. கட்டன் சாயாவில் பால் ஊற்றினால் துவர்ப்பு மட்டுப்படுவதும் இதே கணக்குத்தான்: டானின் பால் புரதத்தோடு போய்விடுகிறது, நாக்குக்கு மிச்சமில்லை. ஒயின் ஆலைகளில் முட்டையின் வெள்ளைக்கருவை இட்டு அதிகப்படித் துவர்ப்பை இறக்கும் வழக்கமும் உண்டு.

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி, தோலைக் கசக்காமல் ஒரு பழத்தை மெல்லப் பிதுக்கிப் பாருங்கள். கறுப்புத் தோலுக்குள்ளிருந்து வெளிறிய சாறுதான் வரும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. விதையிலும் துவர்ப்பு உண்டு. சாற்றைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிட்டு நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயின். தோலும் விதையுமாகச் சில நாள் முதல் சில வாரம் வரை ஊறவிட்டு நொதிக்க வைத்தால் சிவப்பு. கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை எடுக்கலாம். ஷாம்பெயினில் பாதிக் கதை அதுதான்.

நொதித்தலில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் 1 சதவீதம் கூடும். லேபிளில் 12.5 என்று இருந்தால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை தீர்ந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் நல்ல ஒயின் பலவற்றில் இனிப்பே இருக்காது. நம்மூரில் பலருக்கு ஒயின் என்றால் தித்திக்கும் போர்ட். போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் அதை நொதித்தலின் நடுவிலேயே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திச் செய்கிறார்கள். ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. இனிப்பு பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் மலிவான பாட்டிலில் இனிப்பு ஒரு போர்வை. அடியில் என்ன கிடக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது.

வெள்ளையில் துவர்ப்பு அநேகமாக இல்லை. அதைத் தூக்கி நிறுத்துவது புளிப்பு. திராட்சையின் முதன்மையான அமிலம் டார்டாரிக். நம் மீன் குழம்பில் கரைத்து ஊற்றும் புளியின் அமிலமும் அதேதான். குளிரவைத்த வெள்ளை ஒயினின் அடியில் சில நேரம் கண்ணாடித் தூள்போல் பளபளப்பாக ஏதோ படிந்திருக்கும். அது அந்த அமிலத்தின் உப்பு; கெடுதல் இல்லை.

இனி என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்த வெள்ளை ஒயினை, பழசானால் உயரும் என்று நினைத்து ஃபிரிட்ஜின் தலைமேல் இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குத் திறந்தபோது வைக்கோல் மஞ்சளாக இருந்திருக்க வேண்டியது கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் இறங்கியது. அடிபட்டுப் பழுத்த ஆப்பிளின் வாடை. ஆல்கஹால் ஆக்சிஜனோடு சேர்ந்து அசிட்டால்டிஹைடாக மாறியதன் வாடை அது. ஃபிரிட்ஜ் உள்ளே குளிர்ந்தாலும் எடுத்த வெப்பத்தை வெளியேதான் தள்ளுகிறது. அதன் தலைமேல் அடுப்பங்கரை மேடைதான். வேதிவினைகள் பொதுவாகப் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டை வேகமெடுக்கும். ஒயினுக்கு 13 டிகிரி அளவு சுகமானது. நாகர்கோவில் வீட்டில் 30 டிகிரியில் ஒரு வருடம் என்றால், குளிர்ந்த நிலவறையில் மூன்று வருடம் கடந்த கணக்கு. சிவப்பில் உள்ள டானின் ஆக்சிஜனைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கும்; வெள்ளைக்கு அந்தக் கவசம் இல்லை.

கடையில் நான் முதலில் லேபிளில் உள்ள அறுவடை ஆண்டைத்தான் பார்க்கிறேன். நடுத்தர விலை ஒயின் அநேகமாக எல்லாமே சில வருடங்களுக்குள் குடிப்பதற்காகச் செய்தவை. வெள்ளையில் ஆகப் புதியதை எடுங்கள். சிவப்பில் மூன்று நான்கு வருடம் பொறுக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஒயின் ஊரான நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை, ஐரோப்பாவிலோ செப்டம்பர், அக்டோபர். ஒரே ஆண்டு அச்சிட்ட இரண்டு பாட்டில்களில் நாசிக்குடையது அரை வருடமாவது மூத்தது. அடுத்து, பாட்டில் நின்ற இடம். வெயில் படும் கண்ணாடி அலமாரியிலும் விளக்குக்கு நேர் கீழேயும் நிற்பதை விட்டுவிடுங்கள். நிறமற்ற கண்ணாடியில் வரும் வெள்ளை ஒயினில் ஒளி பட்டால் கந்தகச் சேர்மங்கள் உருவாகி, வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். கார்க் வெளியே தள்ளியிருந்தாலும் கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் அந்தப் பாட்டில் எங்கோ சூடாகி வந்திருக்கிறது. திருகு மூடியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். கார்க்கில் வரும் பூஞ்சை வாடை அதில் இல்லை; நியூசிலாந்தின் ஒயின் பெரும்பாலும் திருகு மூடியில்தான் வருகிறது.

விலையைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டது சுவாரசியமானது. 2008இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காகக் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். விலை அதிகம் என்று கேட்டவுடன் இன்பத்தைப் பதியும் பகுதி கூடுதலாக விழித்துக்கொண்டது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், விலை தெரியாமல் நடந்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பியிருந்தார்கள். இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலம் 150 சதவீதம் சுங்கவரி இருந்தது. விலைச்சீட்டில் பெரும்பங்கு சுவைக்கானது என்று எண்ணிவிடக் கூடாது. கனத்த பாட்டிலும் அப்படித்தான், நாம் காசு கொடுப்பது கண்ணாடிக்கு. சிவப்பு இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் கூடுதலாக விற்றால் அதையும் நம்பாதீர்கள். எந்த நிறமானாலும் ஆல்கஹால் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில், அதாவது உறுதிப்பட்டவற்றின் பட்டியலில், இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் கெடுப்பது ‘சிவப்பை அறை வெப்பநிலையில் குடி’ என்ற அறிவுரை. அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 அல்லது 18 டிகிரி. நம் அறையில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவிதான் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு இரண்டு மணி நேரம்.

போன கிறிஸ்துமஸில் மாமா சிவப்பு ஒயினோடு பொரித்த சாளை மீனைக் கடித்தார். “மக்களே, துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல இருக்கிறதே” என்றார். அவர் நாக்கில் பிழையில்லை. சிவப்பு ஒயினில் உள்ள சிறிதளவு இரும்பு, மீனெண்ணெயை உடைத்துக் கவுச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள். வெள்ளையில் இரும்பு பொதுவாகக் குறைவு, புளிப்பும் மீனுக்குப் பழக்கமானது. அதை ஊற்றிக் கொடுத்தேன்; மூன்று சாளை காலியாயிற்று. சிவப்பை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டோம். மறுநாள் மதியம் மாட்டிறைச்சி வறுவல் இருந்தது. புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொள்ள, முந்தின இரவு மாமா ஒதுக்கிய அதே பாட்டில் அவர் பக்கத்திலேயே தீர்ந்தது.