பரிந்துரைக் கடிதம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் ‘எல்ஓஆர்’ (லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன்) என்பது இதைத்தான். வீட்டுப் பெரியவர்களிடம் விளக்கினால், “ஓ, சிபாரிசா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அந்தத் தாழ்ந்த குரல் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவது.

சிபாரிசு பாரசீகச் சொல். ‘சிஃபாரிஷ்’ உருது, இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆளின் தகுதியைவிட, அனுப்பியவர் யார் என்பதே அதில் பெரிது.

நமக்குத் தெரிந்த மிகப் பெரிய சிபாரிசுக் கடிதம் பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் இருக்கிறது. பாணபத்திரன் என்ற பாணனுக்குப் பொருள் கொடுத்து அனுப்பும்படி மதுரை ஆலவாய்ச் சிவன் சேர அரசர் சேரமான் பெருமாளுக்கு எழுதிய திருமுகப் பாசுரம் அது. பாணனைப் பற்றி அதில் உள்ளது மிகக் கொஞ்சம்: பண்ணோடு யாழ் பயில்பவன், உன்னைப் போலவே என்னிடம் அன்புடையவன். எழுதியவர் சிவன், அதுவே போதுமாயிற்று. மற்றவர்கள் ஒரு பக்கமாவது எழுதியாக வேண்டும்.

‘ரெகமண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது ‘மாண்டாரே’ என்ற இலத்தீன் வினை. ஒப்படைத்தல் என்று பொருள். தமிழில் இதற்குக் ‘கையடை’ என்றொரு பழஞ்சொல் உண்டு. தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர்.

சிபாரிசுக்கு மாற்றாக நிலைத்தது பரிந்துரை. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். “அவனுக்காகப் பரிந்துகொண்டு வராதே” என்று வீட்டில் சண்டை நடக்குமே, அதே பரிதல்தான். ஆக, தமிழாக்கிய பிறகும் பக்கச்சார்பு முழுதாகப் போகவில்லை.

நற்சான்றிதழ் வேறு. அதை மாணவர் கையிலேயே கொடுப்பார்கள், யாரிடமும் காட்டலாம். பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரே பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நேரடியாக ஏற்றுவார். மேற்படிப்புக்குப் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்க அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு ‘ஃபெர்பா’ சட்டம் இடம் தருகிறது. ஆனால் இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்ளலாம். மாணவர் பார்க்க மாட்டார் என்றால்தான் ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்ற கணக்கு.

எனக்குப் பிடித்தது இலங்கைத் தமிழில் வழங்கும் ‘விதந்துரை’. விதந்து கூறுதல் என்றால் ஒன்றைத் தனியே எடுத்துச் சிறப்பித்துச் சொல்லுதல். “ஒழுக்கமானவர், கடும் உழைப்பாளி” என்பது வெறும் பரிந்துரை. ஆய்வகத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அளவீட்டை இவர் மட்டும் சந்தேகித்து மறுபடி எடுத்துப் பார்த்தார் என்று எழுதினால் அது விதந்துரை. சேர்க்கைக் குழு தேடுவது இதைத்தான்.

நம் கல்லூரிகளில் இன்னொரு வகையும் உண்டு. “நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” அதைத் தற்பரிந்துரை என்று சொல்லலாமா?