பல்சார்: துடிக்காத துடிவிண்மீன்

சென்னையில் பல்சர் என்றால் பைக்தான். "பல்சார் பற்றி எழுதப்போகிறேன்" என்றதும் அக்கா மகன் கேட்டது, "எத்தனை சிசி மாமா?"

இது வானத்துப் பல்சார். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் சுமார் 1.337 விநாடிக்கு ஒருமுறை தப்பாமல் வரும் குறியைக் கண்டார். மறு ஆண்டு பெயர் வைக்கும்போது, துடிப்பைக் குறிக்கும் சொல்லின் தலையோடு, ஏற்கெனவே புழங்கிய குவாசார் (வெகு தொலைவில் விண்மீன்போலத் தெரியும் ஒளிமிக்க பொருள்) என்ற பெயரின் வாலை ஒட்டிவிட்டார்கள்.

தமிழில் துடிவிண்மீன். மொழிபெயர்ப்பு சரி, மூலச்சொல்தான் தப்பு. பல்சார் என்பது ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் செறிந்த கரு. அது துடிப்பதே இல்லை, சுழல்கிறது. சூரியனைவிடக் கூடுதலான நிறை, குரோம்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரையிலான தூரத்துக்குள், அதாவது சுமார் 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. இரவில் மெரினா மணலில் உட்கார்ந்து லைட்ஹவுஸைப் பாருங்கள். விளக்கு அணைவதில்லை, கதிர் நம் பக்கம் திரும்பும்போது மட்டும் மின்னுகிறது. அதே கதைதான் இங்கேயும்.

அப்போ கலங்கரை விண்மீன் என்று மாற்றிவிடலாமா? எனக்கு மனமில்லை. துடி என்பது பழந்தமிழர் கொட்டிய, இடை சிறுத்த பறையும்கூட. அந்தப் பொருளில் பார்த்தால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. ஏனென்றால் எந்த அலைநீளத்தில் கேட்கிறோமோ, அதற்கேற்பக் கொட்டு மாறுகிறது. வேலா துடிவிண்மீன் விநாடிக்கு 11 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ரேடியோவில் ஒரு அடி, காமாக் கதிரில் இரண்டு அடி. ரேடியோ அலை, விண்மீனின் காந்தத் துருவங்களுக்கு மேலேயிருந்து வருகிறது, காமா இன்னும் வெளியே, காந்தப்புலத்தின் ஓரப் பகுதியிலிருந்து. நண்டு நெபுலாவின் துடிவிண்மீனில் எல்லா அலைநீளத்திலும் அடி கிட்டத்தட்ட ஒன்றாக விழுகிறது. ஆனாலும் எக்ஸ் கதிர், ரேடியோவைவிட 0.3 மில்லிவிநாடி முந்திக்கொள்கிறது!

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதைப் 'பல அலைநீள ஆய்வு' என்று பிரித்தே எழுதுங்கள். 'பல்லலைநீளம்' இலக்கணப்படி சரிதான், ஆனால் படிக்கிறவருக்குப் பல் மருத்துவர் ஞாபகம் வரும். 2015 செப்டம்பர் 28 அன்று, நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. புறஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும். ரேடியோவுக்குத் தரையில்தான் ஆள் வேண்டும், புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி போல.

ஒரே காதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெமிங்கா என்ற துடிவிண்மீனே சாட்சி. 1972இல் காமாக் கதிரில் அகப்பட்டது, ரேடியோவில் தேடினால் ஏறக்குறைய ஊமை. மிலான் வட்டார வழக்கில் அந்தப் பெயருக்கு 'அது அங்கே இல்லை' என்று பொருள் வரும். எக்ஸ் கதிரில் அதன் துடிப்பு பிடிபட 1992 ஆகிவிட்டது: 0.237 விநாடிக்கு ஒரு சுற்று.