மார்பரி அந்த 16 பேரில் ஒருவர் இல்லை!

சட்டக் கல்லூரி மாதிரி வழக்காடு போட்டிக்கு நடுவராகப் போனால் இந்த முறையும் அதே கதை, அமெரிக்காவின் 1803 மார்பரி வழக்கு. "1801 சட்டப்படி நியமிக்கப்பட்ட நள்ளிரவு நீதிபதி மார்பரி, அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானதால் பதவி இழந்தார்" என்கிறது ஓர் அணி. (நள்ளிரவு நீதிபதி என்றால், பதவிக்காலத்தின் கடைசி நேரத்தில் அதிபர் அவசரமாக நியமித்த நீதிபதி.) எதிரணியும் மறுக்கவில்லை. ஒரே வரியில் மூன்று தப்பு. பொறுத்தது போதும், எழுதிவிடுகிறேன்.

1800 அமெரிக்க அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸ் தோற்றார். வென்ற ஜெஃபர்சன் பதவியேற்க 1801 மார்ச் 4 வரை அவகாசம் இருந்தது. அந்த இடைவெளியில் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. இரண்டு!

பிப்ரவரி 13-ஆம் தேதிச் சட்டம் 16 சர்க்யூட் (மத்திய வட்ட நீதிமன்ற) நீதிபதி பதவிகளை உண்டாக்கியது. உச்ச நீதிமன்றத்தில் அடுத்து ஓர் இடம் காலியானால் நிரப்பாமல், ஆறை ஐந்தாக்கவும் சொன்னது. வருகிறவருக்கு ஒரு நியமனம் மிச்சம் வைக்கக்கூட மனமில்லை. பிப்ரவரி 27-ஆம் தேதிச் சட்டம் தலைநகர் வாஷிங்டன் பகுதிக்கு மட்டும். அதன்கீழ் ஆடம்ஸ் 42 ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நியமித்தார். சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஐந்தாண்டுப் பதவி அது. மார்பரி இந்த 42-இல் ஒருவர். அந்த 16-இல் இல்லை, இல்லவே இல்லை.

நியமன ஆணைகளுக்கு முத்திரையிட்டவர் வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல். அப்போதே தலைமை நீதிபதியும் அவர்தான். அன்று தலைநகர்ப் பகுதியில் இருந்த அலெக்ஸாண்டிரியாவுக்கான ஆணைகளைக் கொண்டுபோன மார்ஷலின் தம்பி ஜேம்ஸ், எல்லாவற்றையும் சுமக்க முடியாமல் சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டார். அலுவலகத்திலேயே தங்கிவிட்ட ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்றார் ஜெஃபர்சன். மார்பரியுடையதும் அதில் மாட்டிக்கொண்டது. அதைக் கேட்டுத்தான் அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

16 பேர் கதை வேறு. 1802 மார்ச்சில் ஜெஃபர்சன் கட்சி பிப்ரவரி 13 சட்டத்தையே ரத்து செய்தது. செனட்டில் 16-க்கு 15. அவர்கள் பதவி போனது அதனால்தான், எந்தத் தீர்ப்பாலும் அல்ல. கூடவே உச்ச நீதிமன்றத்தின் ஜூன் அமர்வையும் நீக்கிவிட்டார்கள். நீதிமன்றம் மறுபடி கூடியது 1803 பிப்ரவரியில்.

பிப்ரவரி 24 அன்று மார்பரி தீர்ப்பு வந்தது. ஆணை பெற அவருக்கு உரிமை உண்டு. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக மேண்டமஸ் (கடமையைச் செய்யச் சொல்லி அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் உத்தரவு) கேட்க வழிவிட்ட 13-ஆம் பிரிவு செல்லாது. எந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு? 1789 நீதித்துறைச் சட்டம். 1801 என்று எழுதினால் மதிப்பெண் கேட்டு வராதீர்கள்.

ஆறே நாளில், மார்ச் 2 அன்று, ஸ்டூவர்ட் எதிர் லேர்ட் வழக்கில் 1802 ரத்துச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கீழ் நீதிமன்றத்தில் அதை விசாரித்தவர் என்பதால் மார்ஷல் ஒதுங்கிக்கொள்ள, நீதிபதி பேட்டர்சன் தீர்ப்பெழுதினார். மார்பரி வழக்கில் மட்டும் முத்திரை குத்தியவரே தீர்ப்பும் எழுதினார். இன்று அப்படி நடந்தால், விலகக் கோரும் மனுவோடுதான் நாங்கள் உள்ளேயே நுழைவோம்.

அப்புறம், "அந்தக் காலத்தில் நீதித்துறையில் கட்சி அரசியல் இல்லை" என்று தயவுசெய்து வாதத்தைத் தொடங்காதீர்கள். ஃபெடரலிஸ்ட் நீதிபதி சாமுவேல் சேஸ் மீது பிரதிநிதிகள் சபை 1804-இல் பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. 1805-இல் செனட்டில் 23 வாக்கு தேவைப்பட்டது. எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19-க்கு மேல் விழவில்லை. தப்பித்தார்.

நோட்ஸை மூடிவிட்டுத் தீர்ப்புகளைப் படியுங்கள் தம்பி, தங்கைகளே. மார்பரி நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேட்டர்சன் எழுதியது சில பத்திகள்தான். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.