கோரஸை வாங்கிய காசு யாருடையது?

2007 ஜனவரி 31 விடிவதற்குள் ஒரு விசித்திரமான ஏலம் முடிந்திருந்தது. ஏலத்துக்கு வந்தது கோரஸ். பிரிட்டிஷ் ஸ்டீலும் நெதர்லாந்தின் ஹூகோவென்ஸும் 1999-ல் சேர்ந்து உருவான உருக்கு நிறுவனம் அது. கேட்க வந்தவர்கள் இரண்டே பேர், இந்தியாவின் டாடா ஸ்டீலும் பிரேசிலின் உருக்கு நிறுவனமான சிஎஸ்என்னும். முந்தைய அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் (4.55 பவுண்டு) என்று டாடா ஆரம்பித்த விலை, ஒருவர் மாற்றி ஒருவர் ஏற்றி ஏற்றி கடைசியில் 608-ல் நின்றது. சிஎஸ்என் 603-ல் விட்டுவிட்டது. மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர்.

வாங்கியவரின் அளவைப் பாருங்கள். டாடா ஸ்டீல் அப்போது ஆண்டுக்கு 50 லட்சம் டன் அளவில்தான் உருக்கு செய்துகொண்டிருந்தது. கோரஸ் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அப்படியானால் காசு எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் டாடா ஸ்டீலின் சொந்தப் பணம், மீதி கடன். அந்தக் கடனில் பெரிய பகுதியை ஜாம்ஷெட்பூரில் இருக்கும் டாடா ஸ்டீல் தன் பேரில் வாங்கவில்லை. இந்த வேலைக்கென்றே பிரிட்டனில் ஒரு துணை நிறுவனத்தை வைத்து, அதன் பேரில், கோரஸ் சம்பாதிக்கப்போகும் லாபத்தைக் காட்டி வாங்கினார்கள். வீட்டை வாங்கிவிட்டு அதே வீட்டில் வரும் வாடகையை வைத்துத் தவணை கட்டுகிற கணக்குதான். தவணை தவறினாலும் கடன்காரர் தாய் நிறுவனத்தின் கதவைத் தட்ட முடியாதபடி ஒப்பந்தம். இந்த வித்தை டாடாவுக்குப் புதிதல்ல. 2000-ல் டெட்லி தேயிலை நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியபோதும் பெரும்பகுதி இப்படித் திரட்டிய கடன்தான். ரிசர்வ் வங்கியும் கதவை அகலத் திறந்துவிட்டது: இந்திய நிறுவனம் தன் நிகர மதிப்பைப் (சொத்தில் கடன் போக மிஞ்சுவதைப்) போல எவ்வளவு வெளிநாட்டில் போடலாம் என்ற வரம்பு 2005-ல் இரண்டு மடங்கானது, 2007 செப்டம்பரில் நான்கு மடங்கு.

சரி, எதற்காக வாங்க வேண்டும்? பழைய பாடப்படி, வெளிநாடு போகிற கம்பெனியிடம் அங்கிருப்பவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று, தொழில்நுட்பமோ பிராண்டோ, இருக்க வேண்டும். ஜான் டன்னிங் போன்ற பொருளியலாளர்கள் அப்படித்தான் விளக்கினார்கள். வளரும் நாட்டு நிறுவனங்கள் இதைத் தலைகீழாக்கின. தன்னிடம் இல்லாததைப் பிடிக்கத்தான் பல நிறுவனங்கள் வெளியே போகின்றன. லெனோவோ 2005-ல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை வாங்கியது அப்படி, ஜீலி 2010-ல் வோல்வோ காரை வாங்கியதும் அப்படி. டாடாவுக்கு வேண்டியிருந்தது ஐரோப்பிய வாடிக்கையாளரும் கார் தகடு போன்ற உயர்ரக உருக்கைச் செய்யும் திறமையும். இந்தியாவில் சொந்தச் சுரங்கத் தாது மலிவு, இங்கே பாதி நிலை வரை செய்து அங்கே அனுப்பி முடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் அனுப்புவதற்குத் தேவையான கூடுதல் உருக்கு இந்தியாவில் உருவாகவே பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை கோரஸின் ஊதுலைகள் (தாதுவை உருக்கி இரும்பாக்கும் பெரிய உலைகள்) தாதுவையும் கரியையும் உலகச் சந்தை விலைக்கே வாங்கித் தின்றன. 2008-ல் ஐரோப்பாவில் கட்டுமானமும் கார் விற்பனையும் படுத்தன. வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆலையை ஓட்ட வேண்டுமென்றால் தாய் நிறுவனம்தான் பணத்தைக் கொட்ட வேண்டும், கொட்டியது.

அப்புறம் துண்டு துண்டாகக் கழன்றது. இங்கிலாந்தின் டீஸைட் ஆலையைத் தாய்லாந்தின் எஸ்எஸ்ஐ நிறுவனம் 2011-ல் வாங்கியது. அவர்களுக்கு வேண்டியது பிராண்டு அல்ல, தங்கள் ஊர் ஆலைக்கு உருட்டுவதற்கான உருக்குப் பாளம். பாளத்தின் விலை சரிந்ததும் 2015-ல் ஆலை மூடியது. இங்கிலாந்திலேயே இருக்கும் ஸ்கன்தார்ப் ஆலை 2016-ல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2020-ல் அதைச் சீனாவின் ஜிங்யே நிறுவனம் வாங்கியது. 2025 ஏப்ரலில், அங்கே ஊதுலைகள் அணைந்துவிடும் என்ற பயத்தில், பிரிட்டன் நாடாளுமன்றம் ஒரு சனிக்கிழமை கூடி அவசரச் சட்டம் போட்டு நிர்வாகத்தை அரசின் கையில் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் டாடாவிடம் மிஞ்சிய போர்ட் டால்பட் ஆலையில் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30-ல் நின்றது. அதற்குப் பதிலாக, பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை கட்ட 125 கோடி பவுண்டு, அதில் 50 கோடி பிரிட்டன் அரசின் பணம். மூலதனம் கொண்டுவருகிறார் என்று வரவேற்ற முதலீட்டாளருக்குக் கடைசியில் அரசே பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

‘அகலக்கால் வைத்தார்கள்’ என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அதே டாடா குழுமம் 2008 ஜூனில் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட்ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியதே, அதற்கும் கடன்தான், அதே நெருக்கடிதான், 300 கோடி டாலர் இடைக்காலக் கடனை அடைக்க டாடா மோட்டார்ஸ் கடன் பத்திரம் வரை போனது. வித்தியாசம் வாங்கிய பொருளில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். உருக்குத் தகட்டின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது, ரேஞ்ச் ரோவரின் விலையைப் பெரும்பாலும் விற்பவரே தீர்மானிக்கிறார். வடிவமைப்பாளர்களை அவர்கள் போக்கில் விட்டார்கள், 2011-ல் ரேஞ்ச் ரோவர் இவோக் கார் வந்தது, சீனப் பணக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் டாடா மோட்டார்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி அந்தப் பிரிட்டிஷ் கார்களிலிருந்துதான் வந்தது.