தூணுக்குள் தாமதமாகும் அலை

கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடியிருப்பு அது. கட்டி 30 ஆண்டுகள் ஆகின்றன. தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் மூன்று தளங்கள். மொட்டை மாடியில் இன்னொரு தளம் எழுப்பலாமா என்று பார்த்துச் சொல்லும்படி சங்கத்தார் என்னை அழைத்திருந்தார்கள். தூண்களெல்லாம் புதிதாகப் புட்டி வைத்து, இளமஞ்சள் அடித்து, கல்யாண மண்டபத்துத் தூண்களைப் போல நின்றன. பூச்சைக் கொத்த வேண்டும் என்று நான் சொன்னதும் செயலாளருக்கு முகம் வாடிவிட்டது.

“போன மாதம்தான் சார் பெயிண்ட் அடித்தோம். ஒரு விரிசல்கூட இல்லையே?”

விரிசல் இல்லைதான். ஆனால் பெயிண்டைப் பார்த்துத் தூணை எடைபோட முடியாது. நாங்கள் செய்வது மீயொலிச் சோதனை. தூணின் ஒரு பக்கம் கருவியின் ஒரு முனையும் நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு முனையும் வைத்து அழுத்துவோம். ஒன்று விநாடிக்கு 54,000 அதிர்வுகள் கொண்ட துடிப்பை அனுப்பும். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். அந்தத் துடிப்பு மறுபக்கம் வந்துசேர எத்தனை மைக்ரோ விநாடி (விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆனது என்பதைக் கருவி காட்டும். கடந்த தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். கணக்கு அவ்வளவுதான்.

மார்பு உயரத்தில் கிரீஸ் தடவி வைத்தோம். 300 மில்லிமீட்டர் தூண். 75 மைக்ரோ விநாடி. அதாவது விநாடிக்கு 4 கிலோமீட்டர். நல்ல கான்கிரீட். கொஞ்சம் கீழே 76. பிறகு முழங்கால் உயரத்துக்கு இறங்கினோம். 120.

உதவியாளர் முனைகளைத் துடைத்து, புதிதாகக் கிரீஸ் தடவி மறுபடி வைத்தார். 118. ஒரு விரற்கடை தள்ளி வைத்தபோது 121. அதே தூண், அதே சிமெண்ட், அதே நாளில் கொட்டிய கான்கிரீட். வேகம் மட்டும் இரண்டரைக் கிலோமீட்டராகச் சரிந்திருந்தது.

அந்த 45 மைக்ரோ விநாடித் தாமதம் எங்கிருந்து வந்தது? திடப்பொருளில் ஓடும் அலை காற்றைச் சந்தித்தால் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். காற்றின் அடர்த்தியும் விறைப்பும் கான்கிரீட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அலை தள்ளிப் பார்த்தாலும் அங்கே தாங்கிக்கொள்ள ஆளில்லை. நாங்கள் கிரீஸ் தடவுவதும் இதற்காகத்தான்: முனைக்கும் தூணுக்கும் இடையே தாள் கனத்துக் காற்று இருந்தால்கூட அலை உள்ளே இறங்காது. தூணுக்குள்ளேயே காற்று இருந்தால் என்ன ஆகும்? அலை அதைச் சுற்றிக்கொண்டு வரும். சுற்றி வந்தால் நேரமாகும்.

உளியை வைத்தோம். மேலே ஓர் அங்குலக் கனத்துக்குக் கெட்டியான சிமெண்ட் கலவை. அது பெயர்ந்ததும் உள்ளே ஜல்லி ஜல்லியாகத் தெரிந்தது, ஒன்றோடொன்று ஒட்டாமல், பொரி உருண்டையில் பாகு காணாததுபோல. என் சுண்டுவிரல் நடுக்கணு வரை உள்ளே போனது. கம்பி துருவேறி உப்பியிருந்தது.

இதைத்தான் கட்டட வேலையில் ஹனிகோம்ப் என்கிறோம். தூணின் அடிப்பகுதியில் இது அடிக்கடி வரும். உயரத்திலிருந்து கான்கிரீட்டைக் கொட்டும்போது ஜல்லி முந்திக்கொண்டு கீழே போய்ச் சேர்கிறது. அச்சுப் பலகை இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் ஒழுகிவிடுகிறது. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி அடிவரை இறங்குவதில்லை. பலகையைப் பிரித்த காலையில் இது கண்ணுக்குத் தெரியும். அப்போதே பொறியாளரிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலை. யாரோ கலவையை அப்பி மூடிவிட்டார்கள். கடற்காற்றின் உப்பு அந்த ஓட்டைகள் வழியாகக் கம்பியைத் தேடிப்போக 30 ஆண்டுகள் கிடைத்தன.

இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: அலை எங்கே வேகம் குறைகிறதோ அங்கே நின்று பார்க்க வேண்டும். தூணுக்கு மட்டும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடி பெயர்ந்தது. மண்ணுக்குள் ஓடிய அதிர்வு சில நிமிடங்களில் தமிழகக் கரைக்கு வந்துவிட்டது. அது விநாடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுவது. கடல்நீரின் அலைக்கோ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஆழிப்பேரலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம்: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36 கிலோமீட்டர். நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு; கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. கரையை நெருங்கி முன்பகுதி தயங்க, பின்னால் வரும் நீர் அதன்மேல் நெருக்கி ஏறுகிறது. அப்போதுதான் அது சுவராகிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில் நமக்குச் சொல்ல யாரும் இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம், மண்ணின் அலைக்கும் நீரின் அலைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நம்பித்தான் வேலை செய்கிறது.

நிலநடுக்கத்திலும் இதே கதை. பாறையில் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் குறுக்கலை (தான் போகும் திசைக்குக் குறுக்காக மண்ணை ஆட்டுவது), இளகிய களிமண்ணுக்குள் வந்ததும் 200 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். வேகம் குறையக் குறைய ஆட்டம் பெரிதாகும். 1985-ல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும் சிதைந்தது, பழைய ஏரிப்படுகையின் சேற்றின்மேல் அது நின்றதால். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழே சுவரில்லாமல் கார் நிறுத்தத் தூண்களின்மேல் நின்றவை. மேல்தளங்களில் சுவர்கள் தூண்களைப் பிடித்துக்கொள்ளும். கீழே தூண் தனியாள். மொத்த ஆட்டத்தையும் அதுவே வாங்க வேண்டும். முழங்கால் உயரத்தில் நான் கண்ட 120 மைக்ரோ விநாடியை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

இனி இந்தச் சோதனையின் அறிக்கையைப் பற்றி. இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். 1992 முதல் 2018 வரை நடப்பில் இருந்த இந்தியத் தர விதியின்படி விநாடிக்கு நாலரைக் கிலோமீட்டருக்கு மேல் என்றால் மிக நன்று. மூன்றரைக்கு மேல் நன்று. மூன்றுக்கு மேல் நடுத்தரம். அதற்கும் கீழே ஐயத்துக்குரியது. பல அறிக்கைகளில் ஒரு தூணுக்கு ஒரே எண் இருக்கும்: சராசரி. எட்டு இடங்களில் 4.0, ஓர் இடத்தில் 2.5 என்றால் சராசரி 3.8. ‘நன்று’ என்று அச்சாகிவிடும். தூணோ சராசரியில் உடைவதில்லை. அந்த ஓர் இடத்தில்தான் உடையும். ஒவ்வொரு அளவீட்டையும், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் எடுத்தது என்பதோடு கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எண் கூடுதலாக இருப்பதாலும் ஏமாறலாம். மழையில் ஊறிய கான்கிரீட்டில் நுண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் இருக்கும். நீரில் ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர் ஓடும், காற்றில் 340 மீட்டர்தான். அதனால் ஈரத் தூண் இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். அலையின் பாதையோடு கம்பி ஓடினாலும் அப்படியே, எஃகில் அலை இன்னும் வேகம். முதலில் கம்பி எங்கே என்று கருவியால் தேடிக் குறித்துவிட்டுத்தான் முனையை வைக்க வேண்டும். வேகத்தை மட்டும் வைத்து வலிமை இத்தனை என்று எழுதித் தருபவரையும் நம்ப வேண்டாம். அதற்குக் கான்கிரீட்டிலிருந்து உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொங்கல் பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம் அல்லவா? நல்ல பானை கணீரென்கிறது. கீறல் விழுந்தது சொத்தென்கிறது, அதிர்வு கீறலிலேயே தேய்ந்து அடங்கிவிடுவதால். சிறு சுத்தியலால் தூணையும் உத்திரத்தையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பூச்சு மட்டும் விட்டிருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வட்டத்தின் அருகே கம்பி போகும் திசையிலேயே நீளமாக விரிசலோ, துருக்கறையோ தெரிந்தால் பெயிண்டரை அழைக்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

அந்தக் குடியிருப்பில் பதினான்கு தூண்களில் மூன்றின் அடிப்பகுதி இப்படி இருந்தது. மாடி கட்டும் யோசனையைக் கைவிட்டார்கள். உத்திரங்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு தூணாக உளுத்ததைக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, புதுக் கம்பி கட்டி, சுற்றிலும் நுண்கான்கிரீட் ஊற்றினோம். 300 மில்லிமீட்டர் தூண் 450 ஆனது. ஒரு கார் நிறுத்தும் இடம் குறுகியது, அதற்கு ஒரு கூட்டமே நடந்தது. ஒரு மாதம் கழித்து அதே முழங்கால் உயரத்தில் மறுபடி கிரீஸ் தடவினோம். 112 மைக்ரோ விநாடி.

செயலாளர் கைபேசியை எடுத்துத் தாமே வகுத்துப் பார்த்தார். நான்கு. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், கூடவே எந்தத் தூண், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும்.