‘குடும்ப நட்பு’ப் படம் என்று ஒன்று உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லோருமாக ஒரு படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அக்கா தன் ஓடிடி செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறாள். திரையில் ஒரு வரிசைக்கு இப்படித் தலைப்பு: ‘சிறந்த குடும்ப நட்பு அறிவியல் புனைகதை திரைப்படங்கள்’. ஏழாவது படிக்கும் மருமகன் வாய்விட்டுப் படித்துவிட்டு, “மாமா, ரெண்டு குடும்பம் ஃப்ரெண்ட்ஸா இருக்கிற படமா?” என்று கேட்டான்.

பையன் சரியாகத்தான் படித்திருக்கிறான். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். “அவங்களுக்கும் எங்களுக்கும் தாத்தா காலத்திலிருந்தே குடும்ப நட்பு” என்று நாம் சொல்வதில்லையா? ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள் இன்னொருவர் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கியதுபோல, அந்தச் சொல்லுக்குள் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஃபேமிலி ஃப்ரெண்ட்லி’யை இறக்கிவிட்டார்கள். விடுதி முன்பதிவில் ‘குடும்ப நட்பு அறை’, சோப்புத்தூள் பாக்கெட்டில் ‘சுற்றுச்சூழல் நட்பு’, கைப்பேசி விளம்பரத்தில் ‘பயனர் நட்பு’. பொறுத்துப் பார்த்தாயிற்று.

முதலில் சொல்லின் பூர்வீகம், சுருக்கமாக. ஆங்கில ‘ஃப்ரெண்ட்’ நேசித்தலைக் குறிக்கும் ஒரு பழைய வினையிலிருந்து வந்தது. நேசிப்பவர் என்று பொருள். ‘ஃப்ரெண்ட்லி’ அதன் பெயரடை. 1970களில் கணினிக்காரர்கள் இதை ‘யூசர்’ என்ற சொல்லுக்கு வாலாகக் கட்டினார்கள். அப்புறம் அந்த வால் சூழல், குழந்தை, குடும்பம் என்று போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. வாலாகிப் போனதில் நேசம் தேய்ந்து, ‘தொந்தரவு தராதது, பொருந்துவது’ என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. ‘யூசர் ஃப்ரெண்ட்லி’ என்று விற்கிற மிக்ஸி நம்மோடு தோழமை கொண்டாடும் என்று எந்த ஆங்கிலேயரும் நினைப்பதில்லை.

தமிழ் ‘நட்பு’ இப்படித் தேயவே இல்லை. நள்ளுதல், நண்ணுதல், நண்பு, நட்டார் எல்லாம் நெருங்கிச் சேர்வதைச் சொல்லும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ‘முகநக நட்பது நட்பன்று நெஞ்சத்து அகநக நட்பது நட்பு’ என்று வள்ளுவர் அதற்கு நெஞ்சையே நிபந்தனையாக வைத்துவிட்டார். சோப்புத்தூளுக்கு ஏது அகம்?

இதைச் சொன்னால், மொழிபெயர்ப்பையே தொழிலாக வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எதிர்வாதம் வைப்பார்: “எல்லாம் பழகினால் சரியாகிவிடும். ‘பனிப்போர்’ பழகவில்லையா? ‘கறுப்புப் பணம்’ பழகவில்லையா?” பழகின. நான் தனித்தமிழ் வெறியன் இல்லை. கடன்வாங்கிய உருவகம் என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ள மாட்டேன். ஆனால் பனிப்போரில் உறைந்துபோன பகை தமிழனுக்கும் கண்ணில் தெரிகிறது. கறுப்பு என்றால் மறைவு என்பது நமக்கும் புரிகிறது. ‘குடும்ப நட்பு’ அப்படி எதையும் காட்டவில்லை; வேறொன்றைக் காட்டித் திசை திருப்புகிறது. நூறு தடவை கேட்டாலும் என் மருமகனுக்கு இரண்டு குடும்பங்கள்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல் வேற்றுமை உருபு. குடும்பத்தின் நட்பா, குடும்பத்தோடு நட்பா, குடும்பத்துக்கு நட்பா? தொகையில் உருபு மறையலாம், இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் விரிக்கத் தெரிந்தால்தான் அது தொகை. ஆறு சொற்களை உருபில்லாமல், ஒற்றில்லாமல் ரயில் பெட்டிபோல் கோத்தால் எது எதை இழுக்கிறது என்றே தெரிவதில்லை. ‘குடும்ப நட்பு அறிவியல்’ என்று ஒரு துறை இருக்கும்போல என்று நினைக்கவும் வழியிருக்கிறது.

‘நேயம்’ போடலாமே என்பார்கள் சிலர். ‘குழந்தை நேயப் பள்ளி’ நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், குழந்தையை நேசிக்க முடியும். படத்துக்கு அது ஒட்டாது. ‘குடும்பப் படம்’ என்று சுருக்கலாம் என்றால், அதுவும் நம் ஊரில் பட்டா போட்ட சொல்: கூட்டுக்குடும்பம், சொத்துத் தகராறு, கடைசி ரீலில் எல்லோரும் சேர்ந்து அழுது ஒன்றாவது. 2008இல் பிக்ஸார் எடுத்த ‘வால்-ஈ’யில் குப்பை மலைக்கு நடுவே 700 வருடமாகத் தன்னந்தனியாக வேலை பார்க்கிறது ஒரு ரோபோ. நாயகனுக்குத் துணை ஒரு கரப்பான்பூச்சி. இதைப் போய்க் குடும்பப் படம் என்பதா? ஆனால் பாட்டி முதல் பேரன் வரை கூச்சமில்லாமல் பார்க்கலாம். அமெரிக்காவில் எல்லா வயதினருக்கும் உரிய ‘ஜி’ சான்றிதழோடுதான் வந்தது.

அன்றைக்கு அந்த வரிசையில் முதலில் இருந்த படம் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ (1982). அதையே போட்டோம். அப்பா குடும்பத்தை விட்டுப் போயாயிற்று, அம்மா தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள், நடுப்பையன் எலியட்டுக்கும் பூமியில் தனியே விடப்பட்ட ஒரு வேற்றுக்கிரகவாசிக்கும் உறவு உண்டாகிறது. படத்தில் நட்பு நிறையவே இருக்கிறது, ஆனால் தலைப்பு போட்டவர் அதைச் சொல்லவில்லை. அதே படத்தைச் சுவீடனில் 11 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக்கூடாது என்று வைத்தார்கள். பெரியவர்களைக் குழந்தைகளின் எதிரிகள்போலக் காட்டுகிறது என்பது அங்கே எழுந்த குறை. அமெரிக்காவிலோ அது ‘பிஜி’தான், பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாட்டுக்கு நட்பு, இன்னொரு நாட்டுக்குப் பகையா? படம் ஒன்றுதான், யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்ற தீர்ப்புதான் மாறுகிறது. நம் தணிக்கைச் சான்றிதழும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. 2024இல், பெற்றோர் வழிகாட்டலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்கிற ‘யுஏ’ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்ததும் இதற்காகத்தான்.

ஆக, சொல்ல வேண்டியது ‘பார்ப்பது’. வாலைத் தூக்கிவிட்டு அதற்குள் ஒளிந்திருக்கும் வினையைத் தேடினால் தமிழ் தானே வந்து நிற்கும். படமா, ‘குடும்பத்தோடு பார்க்கக்கூடிய’. விடுதியா, ‘குடும்பத்தோடு தங்க வசதியான’. கருவியா, ‘கையாள எளிதான’. சோப்புத்தூளா, ‘சூழலைக் கெடுக்காத’. ‘குடும்பத்தோடு கண்டுகளியுங்கள்’ என்று நம் சுவரொட்டிக்காரர்கள் எப்போதோ அச்சடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

வினை வேண்டாம், பெயரடைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ‘உகந்த’ இருக்கிறது. ‘உகப்பே உயர்தல் உவப்பே உவகை’ என்று தொல்காப்பியம் உகப்பையும் உவப்பையும் பிரித்துத்தான் வைத்தது. பின்னாளில் உகத்தலுக்கும் மகிழ்தல், விரும்புதல் என்ற பொருள்கள் வந்து சேர்ந்தன. இப்போது ‘முருகனுக்கு உகந்த நாள்’ என்கிறோம். விருப்பத்தில் தொடங்கிப் பொருத்தத்தில் வந்து நின்ற சொல். ஆங்கில வால் வந்த வழியும் ஏறக்குறைய அதுதான். ஆனால் நான்காம் வேற்றுமையை விட்டுவிடாதீர்கள்: ‘குடும்பத்துக்கு உகந்த’.

‘அறிவியல் புனைகதை திரைப்படங்கள்’ பற்றி ஒரு வார்த்தை. புனைகதை வாசிக்கிற எழுத்துக்குச் சரி. படத்துக்கு ‘அறிவியல் புனைவு’ போதும். இலங்கைத் தமிழர் பழக்கப்படி ‘விஞ்ஞானப் புனைவு’ என்றாலும் எனக்குச் சண்டையில்லை. ஒற்றை மட்டும் போடுங்கள் ஐயா, ‘புனைவுப் படம்’.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்ல மனமில்லை. பல நேரம் அவருக்குக் கிடைப்பது ஒரு விரிதாளில் ஒரு கட்டம், அதில் இரண்டு ஆங்கிலச் சொல், சொல்லுக்கு இத்தனை பைசா. படமா பாத்திரமா என்றுகூடத் தெரியாது. ஆனால் அது திரைக்கு வருவதற்குள் நாலு பேராவது பார்த்திருப்பார்களே, ஒருவர்கூடவா வாய்விட்டுப் படிக்கவில்லை? சொன்னால், “சுருக்கமாக இருக்க வேண்டும், இடம் பத்தாது” என்று பதில் வரும். சரி, எண்ணிப் பாருங்கள்: ‘குடும்பத்தோடு பார்க்கலாம்: சிறந்த அறிவியல் புனைவுப் படங்கள்’. அதுவும் ஆறு சொல், இதுவும் ஆறு சொல்.